அந்த நீலம் என்னுடையது

விளம்பரத் தாளின் நடுவில்
இரண்டு கொக்குகள் நிற்கிற குளத்துக்கு
வண்ணம் கொடுத்தது நான்தான்.
மெக்சிகோ நகரத்தின் மத்தியில்
ஒன்பதாவது மாடியில்,
ஒரு கையில் ரொட்டியோடு.
"இன்னும் கொஞ்சம் நீலம்" என்றார் மேலாளர்.
கொடுத்தேன்.
கணினியில் நீலத்துக்குக் காசில்லை.

குளத்துக்கு வடக்கே பள்ளிக்கூடம்,
எதிரில் மருத்துவமனை.
நூலகத்துக்குக் கூரை மட்டும் போதும் என்றார்கள்,
கூரை மட்டும் போட்டேன்.
ஒரே மரத்தை
நானூற்றுப் பன்னிரண்டு முறை
முத்திரைபோல் குத்திக்கொண்டே போனேன்.
பேருந்து நிறுத்தத்தில்
மஞ்சள் கவுனில் ஒரு பெண்ணை நிற்கவைத்தேன்,
அளவு தெரிய வேண்டுமே.

பெயர் லாஸ் கார்ஸாஸ். கொக்குகள் என்று பொருள்.
ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டு என்றார்கள்.
நானும் ஒன்று வாங்கினேன்.

என்னை யாரும் ஏமாற்றவில்லை,
அதுதான் இதில் விசேஷம்.

ஆறாயிரம் வீடுகள்.
ஒரே கதவு, ஒரே ஜன்னல்,
கூரைமேல் ஒரே கறுப்புத் தொட்டி.
முதல் மாதம் இரண்டு முறை
அடுத்தவர் பூட்டில் சாவியைத் திருகினேன்.
ஒரு முறை அது திறந்தும் கொண்டது.
உள்ளே என் சோபா மாதிரியே ஒரு சோபா,
அதில் என் மாதிரியே களைத்துப்போன ஒருவர்.
"பக்கத்துத் தெரு" என்றார்
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காலை நான்கே காலுக்கு
நாய்களுக்கு நடுவே நெடுஞ்சாலை வரை நடை.
பிறகு வேன். பிறகு மெட்ரோ. பிறகு ஒன்பதாவது மாடி.
வங்கிக்குப் பணத்தில் தவணை,
சாலைக்குத் தூக்கத்தில்.
கட்ட முடியாதவர்கள் போய்விட்டார்கள்.
மூன்றுக்கு ஒரு வீடு காலி,
ஜன்னல் சட்டம் கூட இல்லை.

குளம் இருக்கிறது.
செப்டம்பரில் மட்டும்,
நீர்த்துப்போன காப்பி நிறத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
எவுலாலியா கதவைத் தட்டினாள்.
ஓட்டல் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள்.
கையில் அந்தத் தாள்,
கிழியாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டு.
என் வயிற்றில் என்னவோ புரண்டது.
"உங்களுக்கு வரைபடம் பார்க்கத் தெரியுமாமே?
இந்த பஸ் ஸ்டாப் எங்கே வருதுன்னு சொல்லுங்க."

கயிறு பிடித்து அளந்தோம்.
அவள் வாசலிலிருந்து முந்நூற்று நாற்பது அடி,
விளக்கில்லாத ஒரு விளக்குக் கம்பத்தடியில்.
அவள் குனிந்து ஒரு கல்லை வைத்தாள்.
மறுநாள் கல்லை எடுத்துவிட்டு
மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைக்
கம்பத்தோடு சங்கிலியால் கட்டினாள்.

முதல் நாள் அவள் மட்டும் உட்கார்ந்தாள்.
வேன் வரவில்லை. வேலைக்குத் தாமதம், சம்பளம் வெட்டு.
இரண்டாம் நாள் நான்கு பேர்.
நான் அந்தப் பக்கம் பார்க்காமல்
நெடுஞ்சாலைக்கு நடந்தேன்.
ஐந்தாம் நாள் பதினோரு பேர் நின்றதை
தூரத்திலிருந்தே எண்ணிவிட்டான் ரெஃபூகியோ.
பள்ளம் மேடெல்லாம் திட்டிக்கொண்டே
வேனை உள்ளே திருப்பினான்.
பதினோரு டிக்கெட் பதினோரு டிக்கெட்தானே.

இப்போது நான்கு நாற்பதுக்கு ஒன்று,
ஐந்து பத்துக்கு ஒன்று.
திரும்பும்போது இருட்டில் குரல் கொடுக்கிறான்:
"நாற்காலி யாரு, நாற்காலி இறங்கு!"
லாஸ் கார்ஸாஸ் என்று யாரும் சொல்வதில்லை.

நேற்று மறுபடியும் வந்தாள்.
சன்னல் போன ஒரு வீட்டைக் காட்டி,
"இதுதானே நூலகம்? கூரை இருக்கு" என்றாள்.
படத்திலும் அவ்வளவுதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் கயிற்றின் ஒரு முனையை
என் கையில் கொடுத்துவிட்டு
மறுமுனையோடு அவள் நடந்துவிட்டாள்.

குளத்தைப் பற்றி
இன்னும் கேட்கவில்லை.